நுனி கருகும் வேம்பு

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) ஓரம் நிற்கும் பெரிய வேம்பு, ஐப்பசி மழைக்குப் பிறகு நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி கருகிவிட்டது. வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்டாதீர்கள். இது நுனிக்கருகல், போமாப்சிஸ் என்ற பூஞ்சையின் வேலை. தேயிலைக் கொசுப் பூச்சி தளிரில் சாறு உறிஞ்சினாலும் இப்படிக் கருகும். வளர்ந்த மரம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் தானே துளிர்த்துவிடும். குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எட்டுகிற கிளைகளில் கருகலுக்குக் கீழே அரை அடி பச்சையும் சேர்த்து வெட்டிக் கவாத்து செய்து, வெட்டியதை எரித்துவிடுங்கள். மரத்தடியில் குவித்தால் பூஞ்சை வித்து அடுத்த மழையில் மறுபடி பரவும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பசையாக்கித் தடவுங்கள். கன்றுகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து தெளிக்கலாம். பெரிய மரத்தின் உச்சிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. மருந்துக் காசுதான் வீண்.