வாரத்துக்கு எத்தனை முறை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சென்னையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அறையில் சமையல் கிடையாது. ‘வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடுகிறேன், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்கிறான். எத்தனை முறை வரை சாப்பிட்டால் கெடுதல் இல்லை என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, அம்மா. 26 வயதில் அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு மாதத்தையோ ஓர் ஆண்டையோ வைத்து விடை காண முடியாது. இதே வயதுக்காரர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ‘கார்டியா’ என்று அழைக்கப்படும் அந்த ஆய்வில், பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களை 1985–86இல் சேர்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்துப் பரிசோதித்தார்கள். மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், பீட்சா ஹட் போன்ற இடங்களில் வாரத்துக்கோ மாதத்துக்கோ எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்பது அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று.

அவர்களில் 3,031 பேரின் விவரங்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரை 2005இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. தொடக்கத்திலும் 15 ஆண்டுகள் கழித்தும் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அத்தகைய கடைகளில் சாப்பிட்டவர்கள், இரு காலத்திலும் வாரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாக 4.5 கிலோ எடை ஏறியிருந்தார்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகும் தன்மை, அதாவது சர்க்கரை நோய்க்கு முன்னோடியாக வரும் கோளாறு, அவர்களிடம் இரண்டு மடங்கு அதிகமாகக் கூடியிருந்தது. உடற்பயிற்சி, புகைப்பழக்கம், கல்வி போன்றவற்றால் வரும் வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு கிடைத்த முடிவு இது. ஆனாலும் இது மனிதர்களைக் கவனித்து எழுதிய ஆய்வே என்பதால், கடைச் சாப்பாடு ஒன்றே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தொடர்பு வலுவானது என்று சொல்லலாம்.

இந்த 4.5 கிலோவை 15 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பாருங்கள். ஆண்டுக்கு 300 கிராம், மாதத்துக்கு 25 கிராம். எந்த எடை பார்க்கும் இயந்திரமும் இதைக் காட்டிக்கொடுக்காது. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்கும் சரியாகத்தான் இருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று உங்கள் மகன் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு எண்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில், இரு காலத்திலும் வாரத்துக்கு இரண்டு முறையைத் தாண்டியே இருந்தவர்கள் 87 பேர். இரு காலத்திலும் ஒரு முறைக்குக் கீழேயே இருந்தவர்கள் 203 பேர். மற்ற அனைவரும் இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையிலோ, ஒன்றிலிருந்து விலகி வேறொன்றுக்கு நகர்ந்தோ இருந்திருக்கிறார்கள். வேலை மாறும்போது, திருமணம் ஆகும்போது, வீடு மாறும்போது, பிள்ளை பிறக்கும்போது வெளியே சாப்பிடும் எண்ணிக்கையும் மாறுகிறது. கூடுவது நமக்கே தெரியாமல் கூடுகிறது. ஆகவே ‘எத்தனை முறை வரை’ என்ற கேள்விக்கு, வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நான் பதில் சொன்னாலும், அந்த ஒன்று எப்போது மூன்றாகிறது என்பதைக் கவனிப்பதையே முக்கியமாகக் கருதுகிறேன்.

நான் அதைக் கண்டுகொண்ட விதத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். கூடுதலாகப் பால் பாக்கெட் வாங்கிய நாளில் அதில் பென்சிலால் ‘+1’ என்று எழுதுவது வழக்கம். வெளியே சாப்பிட்ட நாளையும் அதிலேயே வட்டமிட்டு வைப்போம் என்று ஒரு மாதம் முடிவு செய்தோம். ‘மாதத்துக்கு மூன்று நான்கு முறை’ என்று அதுவரை யார் கேட்டாலும் மனமார நம்பிச் சொல்லிவந்தவன் நான். மாத முடிவில் வட்டங்களை எண்ணியபோது பதினொன்று இருந்தன. உடுத்திக்கொண்டு குடும்பத்தோடு போன நாள்கள்தாம் என் நினைவில் இருந்தன. மழைக்கு ஒதுங்கியபோது தின்ற நூடுல்ஸும், அலுவலகத்தில் ஒருவர் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த பீட்சாவும் கணக்கில் ஏறவேயில்லை. உங்கள் மகனையும் ஒரு மாதம் இப்படிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம், அவரே எண்ணட்டும்.

கேள்வி: அமெரிக்கர்கள் சாப்பிடும் பர்கரும் எங்கள் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையும் ஒன்றா? ஓட்டலில் இட்லி சாப்பிடுவதையும் இதில் சேர்க்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒன்றல்ல. நம் ஊரில் ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்ற பலகை, சாயங்காலம் திறக்கும் தள்ளுவண்டியைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது. அங்கே மாஸ்டரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள்: கேனிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய், இரண்டு முட்டை, ஆறிய சோறு ஒரு கை, முட்டைக்கோஸ், இரண்டு விதமான சாஸ், டப்பாவிலிருந்து அள்ளிப் போடும் உப்பு, பெருந்தீயில் மூன்று நிமிடம் புரட்டியதும் பார்சல் தயார். நாளொன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் உப்பு, சாஸ் இரண்டிலும் உப்பு, தொட்டுக்கொள்ளும் சிக்கனிலும் உப்பு என்றிருக்கும்போது, அந்த அளவில் பெரும்பகுதி ஒரே பார்சலில் போய்விடும் என்பது என் கணிப்பு. பண்டம் வேறானாலும் தீட்டிய மாவுப்பொருள், மிகுந்த எண்ணெய், மிகுந்த உப்பு, பசிக்கு மீறிய அளவு, கூடவே குளிர்பானம் என்ற சேர்க்கை இரண்டுக்கும் பொது.

ஓட்டல் இட்லியை நான் இதில் சேர்க்க மாட்டேன். அதே கார்டியா ஆய்வின் விவரங்களைக் கொண்டு 2007இல் வெளியான இன்னொரு கட்டுரையிலும், துரித உணவுக் கடைக்கு அடிக்கடி போவது உடல் பருமன் கூடுவதோடு தொடர்புற்றிருந்தது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்குப் போவதில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ‘வெளியே சாப்பிட்டாலே கெடுதல்’ என்று வீட்டுப் பெரியவர்கள் ஒட்டுமொத்தமாகச் சொல்வது, பிள்ளைகள் நல்ல அறிவுரையையும் சேர்த்துத் தள்ளிவிடவே வழிசெய்கிறது.

கேள்வி: வறுமையில் இருப்பவர்கள்தாம் அமெரிக்காவில் இத்தகைய உணவை அதிகம் உண்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரம் மாறாகச் சொல்கிறது. 2013 முதல் 2016 வரை ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டுத் திரட்டிய தகவலின்படி, எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் பெரியவர்களில் 36.6 சதவீதத்தினர் துரித உணவு உண்டிருந்தனர். குறைந்த வருமானக் குடும்பங்களில் இது 31.7 சதவீதம், உயர் வருமானக் குடும்பங்களில் 42 சதவீதம். வருமானத்தைவிட வயதே பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது: 20 முதல் 39 வயதினரில் 44.9 சதவீதம், 60 வயதைக் கடந்தவர்களில் 24.1 சதவீதம். மாதக் கணக்கை நினைவிலிருந்து சொல்லச் சொல்வதைவிட நேற்றைய சாப்பாட்டைக் கேட்பது நம்பகமான முறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயலி மூலம் வீட்டுக்கு வரவழைத்து, தட்டில் போட்டுச் சாப்பிட்டால் அதையும் எண்ண வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: எண்ணத்தான் வேண்டும். கார்டியா ஆய்வில் 1985இல் ‘அந்த இடத்தில் எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டபோது, கடைக்குப் போய்வரும் சிரமமே ஓர் அணையாக இருந்தது. இப்போது கடை வாசல்படிக்கு வந்துவிடுவதால் அந்த அணையும் இல்லை. உங்களுக்குக் காலண்டர்கூடத் தேவையில்லை. செயலியில் ‘பழைய ஆர்டர்கள்’ என்ற பகுதியைத் திறந்து, கடந்த மூன்று மாதங்களை எண்ணிப் பாருங்கள்.