கலாலாக் கடற்கரையும் ஹரிகேன் ரிட்ஜும்: கூடாரத்தை எங்கே போடுவது?

வணக்கம். ஜூலையில் 4 இரவு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள், 2 சின்னப் பிள்ளைகள், கலாலாக்கிலேயே தங்கி ஹரிகேன் ரிட்ஜ் மலைக்குப் போய்வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மலையடிவார ஊரான போர்ட் ஏஞ்சலிஸுக்கே சுமார் 90 மைல், அப்புறம் மலைமேல் 17 மைல். பிள்ளைகள் காரிலேயே துவண்டுவிடுவார்கள். 2 இரவு கடலோரம், 2 இரவு மலைப்பாதையிலுள்ள ஹார்ட் ஓ தி ஹில்ஸ் முகாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கலாலாக்குக்குக் கோடையில் முன்பதிவு அவசியம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரையில் பெரிய பெரிய மரங்கள் ஒதுங்கிக் கிடக்கும். பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஏறத் தோன்றும். அலை ஏறும் நேரத்தில் அதன் பக்கமே விடாதீர்கள். டன் கணக்கான கட்டையையும் ஓர் அலை உருட்டிவிடும், உயிர்களே போயிருக்கின்றன. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு மணலில் இறங்குங்கள். தண்ணீர் ஜூலையிலும் நடுக்கும், கால் நனைப்பதோடு சரி.

ரிட்ஜ் 5,242 அடி உயரம், ஸ்வெட்டர் வேண்டும். மேலே இருந்த பயணிகள் கூடம் 2023-இல் எரிந்துவிட்டது. அதனால் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். இரவில் அந்த டப்பாவைக்கூட வெளியே வைக்காமல் காருக்குள் பூட்டிவிடுங்கள், ரக்கூனும் கரடியும் வரும்.