142857: தகட்டில் பொறித்தால் பலிக்குமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். 142857 என்று பொறித்த செப்புத் தகட்டை ஒருவர் வீடு வீடாக விற்கிறார். எந்த எண்ணால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் இடம் மாறி வருமாம், அதனால் சக்தி உண்டாம். அதிலிருந்து நான்கு இலக்கம் எடுத்து லாட்டரியில் கட்டினால் நம்பர் அடிக்குமாம். விலை 388 வெள்ளி (ரிங்கிட்). ஐசி (அடையாள அட்டை) நகலும் வேண்டுமாம். படிவம் 2 படிக்கும் மகள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, “சரியாத்தான் வருது” என்கிறாள். மாமியார் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா.

மகள் பார்த்தது உண்மைதான். 2ஆல் பெருக்கினால் 285714, 3ஆல் 428571, 6ஆல் 857142. இலக்கமும் வரிசையும் மாறவில்லை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. அதற்குக் காரணம் வகுத்தல். 1ஐ 7ஆல் தாளில் வகுக்கச் சொல்லுங்கள். 0.142857 வரும், பிறகு அதே ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வரும். மீதியைக் கவனித்தால் 1, 3, 2, 6, 4, 5 என ஒவ்வொன்றும் ஒரு தடவை வந்து, மறுபடி 1. 3ஆல் பெருக்குவது 3ஐ 7ஆல் வகுப்பது போல; அது அதே சுற்றை மீதி 3இல் தொடங்குவதுதான். அதனால் 428571. பிள்ளைகள் கையில் கால்குலேட்டரைக் கொடுத்து விடையை மட்டும் கேட்கிறோம். இந்த மீதிகளை அவர்கள் பார்ப்பதே இல்லை. தகட்டுக்காரர்களுக்கு வழிவிட்டது இந்தப் படிப்பு முறைதான்.

“எந்த எண்ணாலும்” என்பது பொய். 7ஆல் பெருக்கினால் 999999. அதை அவர் காட்ட மாட்டார். 8ஆல் பெருக்கினால் 1142856. முதலில் உள்ள 1ஐ எடுத்து மிச்சத்தோடு கூட்டினால் 142857 என்று சமாளிப்பார். சரி, அதே முறையில் 14ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 1999998. கூட்டினால் 999999. 21ஆல் 2999997, கூட்டினால் மறுபடி 999999. 7இன் மடங்கு எதுவானாலும் இதே கதி.

இலக்கங்களை ஓர் இலக்கம் வரும்வரை கூட்டினால் கிடைக்கும் கூட்டு எண் 9 என்றும் சொல்லியிருப்பார். 9ஆல் மீதியின்றி வகுபடும் எல்லா எண்ணுக்கும் அப்படித்தான் வரும்.

நம்பர் கடையில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். 1428க்கும் 2857க்கும் உள்ள வாய்ப்புதான் மற்ற எதற்கும். ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள்.

அதைவிட எனக்குக் கவலை அந்த ஐசி நகல். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. எண் பலன் சொல்கிறவருக்குப் பிறந்த தேதியை வாயால் சொன்னால் போதாதா? நகல் எதற்கு? அது ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்கள்) கைக்குப் போனால் வாங்காத கடனுக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெயர் மாற்றுகிறேன், கார் நம்பர் பார்த்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளும் இதையேதான் கேட்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாமியாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள், நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள்.

மகளுக்கு இன்னொன்று. 142857ஐ அதே எண்ணால் பெருக்கினால் 20408122449. அதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டட்டும்; 142857 வரும். இப்படிப்பட்ட எண்களுக்கு கப்ரேக்கர் எண்கள் என்று பெயர். கப்ரேக்கர் என்பவர் மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்புறம் 1ஐ 17ஆல் வகுக்கட்டும். பதினாறு இலக்கம் கழித்துத்தான் சுற்று திரும்பும். சாதாரண கால்குலேட்டர் திரையில் அது அடங்காது, கையால்தான் போட வேண்டும்.