டார்ஜிலிங்கில் ஓர் இரவு

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் டார்ஜிலிங் போகிறோம். பாட்டும் கூட்டமுமாகக் கலகலப்பான பார் அங்கே உண்டா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: உண்டு. நேரு சாலையில் க்ளெனரிஸுக்குப் போங்கள். தெரு மட்டத்தில் பேக்கரி, மாடியில் உணவகம், கீழே பார். நான் போன இரவு உள்ளூர்ப் பையன்கள் கிதாரோடு பாடிக்கொண்டிருந்தார்கள். நேபாளிப் பாட்டு ஒன்று தொடங்கியதும் பரிமாறுகிறவர் முதல் மூலையில் இருந்த பெரியவர் வரை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் மேசையைத் தட்டித் தாளம் போட்டேன். அப்படியொரு சந்தோஷம்!

அப்புறம், தோங்பா என்கிற கேழ்வரகு மதுவை விட்டுவிடாதீர்கள். சின்னச் சின்ன நேபாளி, திபெத்தியக் கடைகளில் கிடைக்கும். புளிக்கவைத்த கேழ்வரகைக் குவளை நிறையத் தருவார்கள். சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உறிஞ்சும் மூங்கில் குழலின் அடிமுனை அடைத்திருக்கும், பக்கத்தில் மெல்லிய கீறல். சாறு மட்டும் ஏறும், தானியம் வராது. தீரத் தீர மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். அந்தப் புளித்த வாசனையில் எனக்கு எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடிக் கூழ் நினைவுக்கு வந்துவிட்டது. மெதுவாகத்தான் போதை ஏறும், அவசரப்படாதீர்கள்.

ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். 2,000 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். திரும்புகிற வழியெல்லாம் ஏற்றமும் படிக்கட்டும்தான், அதனால் அறையைப் பக்கத்திலேயே எடுங்கள்.