'டிட் யூ வென்ட்', 'அட் மண்டே' என்று வாயில் வருவதை எப்படித் திருத்துவது?

பாளையங்கோட்டையில் டிகிரி முடித்து இன்டர்வியூவுக்குத் தயாராகும் நீங்கள், வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தும் பேச்சில் தவறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஏ டு இஸட் பட்டியலை மூடிவையுங்கள். ஓசை ஒத்துப்போகும் வினைகளைச் சேர்த்துப் படித்தால்தான் நாக்கில் நிற்கும். கட், புட், ஷட், ஹிட் மூன்று வடிவத்திலும் மாறாது. சிங்-சாங்-சங், டிரிங்க்-டிராங்க்-டிரங்க் ஒரு கூட்டம். பை-பாட், பிரிங்-பிராட், டீச்-டாட் இன்னொன்று. நோ-நியூ-நோன், குரோ-குரூ-குரோன் மற்றொன்று. ரீட் என்பதில் எழுத்து மாறாது, ஒலி மட்டும் ரெட். 'கோ' எதிலும் சேராது, தனியாகத்தான் படிக்க வேண்டும். நாளுக்கு ஒரு கூட்டம் போதும். ஆனால் 'யெஸ்டர்டே' சேர்த்து முழு வாக்கியமாக, வாய்விட்டு.

'டிட் யூ வென்ட்' வரக் காரணம் நம் கேள்வி முறை. 'நேத்து போனியா?' என்பதில் வினையே இறந்தகாலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் டிட் வந்ததுமே அந்த வேலை முடிந்தது, பிறகு வெறும் 'கோ'தான். ஒவ்வொரு வினையையும் மூன்றாகச் சொல்லிப் பழகுங்கள்: ஐ வென்ட் டு அம்பாசமுத்திரம். டிட் யூ கோ? ஐ டிட் நாட் கோ. 'யார் வந்தா?' என்றால் மட்டும் டிட் வேண்டாம்: ஹூ கேம்?

அட், இன், ஆன் மூன்றுக்கும் நம் பேச்சே வழிகாட்டும். 'ஏழு மணிக்கு' என்று 'க்கு' வந்தால் அட். 'ஜூன்ல குற்றால சீசன்', 'காலையில' என்று 'ல' வந்தால் இன். 'திங்கக்கிழமை வாரேன்' என்று உருபே இல்லாவிட்டால் ஆன்.

பெரும்பாலும் இது கைகொடுக்கும், சில இடங்களில் காலை வாரிவிடும். 'ராத்திரியில' என்பது அட் நைட். 'ஞாயித்துக்கிழமை காலையில' என்றால் கிழமைதான் முக்கியம்: ஆன் சண்டே மார்னிங். நாளைக்கு, போன வெள்ளி, அடுத்த மாசம் இவற்றுக்கு முன்னால் எதுவுமே வராது. வருஷம் மட்டும் இருந்தால் இன்: கால்டுவெல் கேம் டு இடையன்குடி இன் 1841. நாளும் இருந்தால் ஆன்: 2023 நெல்லை வெள்ளத்தைச் சொல்லும்போது ஆன் டிசம்பர் 18, 2023.

இன்டர்வியூவில் அதிகம் மாட்டுவது வேறு. 'மூணு வருஷமா வேலை பாக்கேன்' என்பதற்கு 'ஐ ஆம் வர்க்கிங்' போதாது. ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ். '2022லேர்ந்து' என்றால் சின்ஸ் 2022. 'அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருவேன்' என்பது பை ஃபைவ். 'அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்' என்பது அன்டில் ஃபைவ்.

'ரெண்டு நாளைக்கு முன்னால' என்பதை 'பிஃபோர் டூ டேஸ்' என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்கிறார்கள். டூ டேஸ் அகோ என்பதே சரி. அகோ வந்தால் வினை நேரடி இறந்தகாலத்தில் இருக்க வேண்டும்: ஐ கேம் டூ டேஸ் அகோ. அங்கே 'ஹேவ் கம்' தவறு.