ஆசை ஆசையாக மாற்றிய கார்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: சார், எனக்கு 32 வயது. கப்பலூர் சிட்கோவில் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருநகரில் அப்பா கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கு 38,000, மனைவிக்குப் பள்ளியில் 24,000 சம்பளம் கைக்கு வருகிறது. 2017 மாடல் ஸ்விஃப்ட் டீசல் காரை 2020-ல் 5.4 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கடன் முடிந்துவிட்டது. 17 இன்ச் அலாய் வீல், வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங், சத்தம் வரும் சைலன்சர், வேகத்துக்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் ஈ.சி.யூ. ரீமேப், பாட்டுக்கு ஆம்ப், சப் ஊஃபர், சிவப்பு வண்டிக்கு மேல் கறுப்பு ராப் (ஒட்டும் ஃபிலிம்) என்று 2.3 லட்சம் செலவு செய்திருக்கிறேன். அதில் 80,000 மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்தது. வட்டி மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இந்தக் காரில் குனிந்து ஏற முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி உரசுகிறது. பைபாஸ் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் இரண்டு கன்சல்டிங்கில் கேட்டேன். 3.25 லட்சம் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். 5.5 லட்சமாவது வர வேண்டாமா? இதை விற்றுவிட்டு, 9 லட்சம் கடன் போட்டு, ஆன்ரோடு 12.5 லட்சத்தில் புது எஸ்.யூ.வி. எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? கார் மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓடும். வேலைக்கு பைக்.

பதில்: தம்பி, முதலில் அந்த 2.3 லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். அது போன பணம். காரை விற்றாலும் திரும்பாது, வைத்துக்கொண்டாலும் திரும்பாது. வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். பிடித்த மாதிரி ஒரு வண்டியைச் செய்து சில வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், அதற்கான விலை அது. ஆனால் 5.5 லட்சம் வர வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தொகையிலிருந்துதான் வருகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு விலை பேசினால் வண்டி மாதக்கணக்கில் விற்காமல் நிற்கும்.

கன்சல்டிங்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்றும் நினைக்காதீர்கள். அவர் யாருக்கு விற்கப்போகிறார்? மேலூரிலோ திருமங்கலத்திலோ குடும்பத்துக்கு ஒரு கார் தேடுகிறவருக்கு. அவர் கேட்பது ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் வீல், ஒழுங்கான ஆர்.சி. உங்கள் வண்டியில் ஆர்.சி. சிவப்பு என்கிறது, கண் கறுப்பு என்கிறது. சைலன்சர் சத்தத்தைக் கேட்டதுமே ‘ரொம்ப விரட்டி ஓட்டியிருப்பாங்க’ என்று ஆள் நகர்ந்துவிடுவார். இதையெல்லாம் சரிசெய்யும் செலவையும் சிரமத்தையும் கழித்துத்தான் கன்சல்டிங் விலை சொல்கிறது. போதாததற்கு, 2025 செப்டம்பர் 22-லிருந்து சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கும்போது பழைய கார் விலையும் கூடவே இறங்கத்தான் செய்யும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றங்களோடு வண்டி விபத்தில் சிக்கினால், சொந்த சேதத்துக்கான க்ளெய்மைக் கம்பெனி குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அடிபட்ட எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரும் வழக்குகளும் உண்டு. இன்றைக்கு உங்கள் குடும்பம் உட்கார்ந்திருப்பது இப்படிப்பட்ட ஒரு காரில்தான். இதைப் படித்ததும் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

ஆகவே விற்கிறீர்களோ இல்லையோ, முதல் வேலை ஒன்றுதான்: வண்டியைப் பழையபடி ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி கொடுத்த நிலைக்கு, கொண்டுவாருங்கள். பழைய வீல் பரணில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள். ஸ்பிரிங்கும் சைலன்சரும் ஒரிஜினலாகப் போடுங்கள். ராப்பைச் சூடு காட்டிப் பொறுமையாக உரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அவசரப்பட்டு இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். ரீமேப் செய்தவரிடமே எஞ்சின் கம்ப்யூட்டரின் பழைய ஃபைலை ஏற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றிய அலாய், டயர், ஆம்ப், சப் ஊஃபர் எல்லாவற்றையும் தனியாக விற்றுவிடுங்கள். காரோடு சேர்த்துக் கொடுத்தால் அவற்றுக்குச் சல்லிக்காசு கூடுதலாக வராது. தனியாக விற்றால், அதைத் தேடிக்கொண்டிருக்கும் உங்களைப் போன்ற ஒரு பையன் வாங்கிக்கொள்வான். ஸ்டாக்குக்கு மாற்றும் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும் என்பது என் கணிப்பு.

இதைச் செய்ததும் வண்டி கம்பெனி கொடுத்த உயரத்துக்கு ஏறிவிடும். அப்பாவை முன் சீட்டில், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அடியில் கெட்டியான ஒரு குஷன் போட்டு உட்கார வைத்துப் பாருங்கள். செக்கானூரணி வழியாக ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள். அடி உரசுகிறதா, அப்பாவால் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் காரை விற்கச் சொல்லும் இரண்டு காரணங்களுமே லோயரிங் ஸ்பிரிங்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம். 12.5 லட்சம் செலவு செய்வதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.

அப்புறம் அந்தப் புது எஸ்.யூ.வி. 9 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 14,480. மொத்தம் 12.16 லட்சம் கட்டுவீர்கள், வட்டி மட்டும் 3.16 லட்சம். மூன்று வருடம் கழித்து நிலைமை எப்படி இருக்கும்? 5.2 லட்சம் கட்டியிருப்பீர்கள், இன்னும் 5.8 லட்சம் பாக்கி இருக்கும். ஆன்ரோடு விலையில் வரி, இன்சூரன்ஸ் போக ஷோரூம் விலை 10.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு இன்சூரன்ஸ் தேய்மான அட்டவணை 40 சதவீதம் கழிக்கிறது. மீதி 6.1 லட்சம். வண்டியின் மதிப்பும் கடனும் ஏறக்குறைய சமம். நடுவில் வேலையில் ஒரு தடங்கல் வந்து விற்க வேண்டியிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கடிதத்தில் சேமிப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அடகில் இருக்கும் நகையைப் பற்றித்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வைத்தியச் செலவு ஓடும் இந்த நேரத்தில் 62,000 வருமானத்துக்கு அந்தத் தவணை வேண்டாம்.

என்றைக்காவது புதுக் கார் எடுக்கும்போது ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டாத வேரியண்டாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய சாலை வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10.2 லட்ச ரூபாய்க் காருக்கு 1,83,600. சன்ரூஃபுக்காக 30,000 கூடக் கொடுக்கப்போய், வரியாக மட்டும் 55,000 சேர்த்துக் கட்டுவீர்கள்.

என் யோசனை, காரை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. 10 வருட டீசல் கார் ஓடக்கூடாது என்ற பேச்சு டெல்லிப் பக்கத்துக்கு வந்த நீதிமன்ற உத்தரவுகளைப் பற்றியது. நம் ஊரில் 15 வருடப் பதிவு, உங்களுக்கு 2032 வரை இருக்கிறது. மாருதி 2020-லேயே டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டதால், ஒழுங்காக இருக்கும் டீசல் ஸ்விஃப்டைத் தேடி வருகிறவர் இனியும் இருப்பார். எஸ்.யூ.வி.க்குக் கட்டத் தயாராக இருந்த 14,500-ஐ இந்த மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் நகையைத் திருப்புங்கள். அந்த நகை உங்கள் மனைவியுடையது, கார்ச் சைலன்சருக்காக அது இன்னும் அடகுக் கடையில் இருக்கக்கூடாது. மீதி 18 மாதம் அதே தொகையை ஆர்.டி.யில் போட்டால், 6.5 சதவீத வட்டியோடு 2.7 லட்சத்தைத் தாண்டும். அந்த 14,500-ஐ ஒவ்வொரு மாதமும் எடுத்து வைக்க முடிந்ததா என்பதே நீங்கள் தவணை கட்ட முடியுமா என்பதற்குப் பதில்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் யோசனை மாறும். ரீமேப்போடு ஓடிய எஞ்சின் என்பதால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் டர்போ, கிளட்ச், இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய செலவு இழுக்கும் என்று அவர் சொன்னாலோ, ஸ்பிரிங் மாற்றியும் அப்பாவால் ஏற முடியவில்லை என்றாலோ விற்றுவிடுங்கள். ஸ்டாக் வண்டிக்கு 3.7 லட்சம் வரை எதிர்பார்க்கலாம், ரிப்பேர் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கன்சல்டிங்கைவிட நேராக ஒரு குடும்பத்துக்கு விற்றால் கூடக் கிடைக்கும். ரீமேப் செய்திருந்ததை வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள். ஆடி மாதத்தில் விற்கக் கிளம்பாதீர்கள், வாங்க வேண்டுமானால் ஆடி நல்ல மாதம். அடுத்த காரும் பழையதாகவே, உயரமான பெட்ரோல் வண்டியாக, 6 லட்சத்தை ஒட்டி இருக்கட்டும். 2.5 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம். 12 சதவீதத்தில் மூன்று வருடத்துக்குத் தவணை 8,300 வரும். 14,500-ல் மிஞ்சும் 6,000 நகைக்குப் போகட்டும்.

விற்கும் அன்று: கடன் முடிந்துவிட்டது என்கிறீர்கள், ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் கொடுத்த பேங்கின் பெயர்ப் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் பேங்கில் என்.ஓ.சி. என்ற ஆட்சேபனையில்லாச் சான்றிதழும் படிவம் 35-ம் வாங்கி முதலில் அதை முடியுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, பெயர் மாற்றம் ஆர்.டி.ஓ. பதிவில் ஏறும்வரை விடாதீர்கள். விற்ற பிறகும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. க்ளெய்ம் இல்லாமல் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ் என்ற இன்சூரன்ஸ் தள்ளுபடி உங்களுடையது, காரோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்றிதழ் வாங்கினால் அடுத்த காருக்கு மூன்று வருடத்துக்குள் பயன்படுத்தலாம். சாவியைக் கொடுப்பதற்கு முன் ஃபாஸ்டாகை ரத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் வாங்கியவர் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.