எக்ஸ்ரே அறை வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: ரேடியோகிராபி படித்த என் மகளுக்கு முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பயந்து என் மாமியார் தடுக்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும் நொடிப்பொழுதில் மட்டுமே எக்ஸ்ரே குழாயிலிருந்து கதிர் வருகிறது என்பதையும், அதன்பின் அறையில் எதுவும் தங்குவதில்லை என்பதையும் மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள். பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் அது 30ஐத் தாண்டக்கூடாது. தடுப்புக்குப் பின்னால் நின்று படமெடுப்பவர் அந்த எல்லையை நெருங்குவதே அரிது. பணியாளர் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்க மார்பில் குத்தும் டிஎல்டி பேட்ஜ் ஈய ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏப்ரனை மடித்து வைத்தால் விரிசல் விடும் என்பதால் தொங்கவிடுவதே முறை.

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் இவ்வேலை ஒப்பந்த அடிப்படையிலானது, நிரந்தரமன்று.

வேலையின் நுணுக்கம் வருபவர்களிடம் இருக்கிறது. ஆந்திரத்தின் பலமநேர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரியவரை, தோள்களை முன்னே தள்ளி மார்பைத் தட்டோடு ஒட்ட நிறுத்தி, “ஊபிரி பிகபட்டண்டி” என்று தெலுங்கில் சொன்னால்தான் மூச்சை அடக்குவார். இல்லையேல் படம் கலங்கிவிடும். உடம்பில் பழைய குண்டுச் சிதறல் உண்டா என்றும் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் விட்டால், படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளியைச் சட்டைப் பொத்தான் என்று நினைத்துவிடலாம். பின்னாளில் அவருக்கு, வலுவான காந்தத்தைப் பயன்படுத்தும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அந்தத் தகவல் மிக முக்கியம்.